மண் அணைக்கும் கருவியின் வலது கால்

"இன்னும் ஒரு நூல் வலது பக்கம். அவ்வளவுதான். இப்ப வைங்க."

தையல்காரி சொல்லி வாய் மூடவில்லை, அவள் புருஷன் வெல்டிங் ராடை இறக்கிவிட்டார். நீல வெளிச்சம் கொல்லைச் சுவர் முழுக்க அடித்தது. இன்னொரு கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவர் தோளை ஒட்டிக் குந்தியிருந்தாள் அவள். கண்ணாடிக்குள் உருகும் இரும்பு மட்டும் ஒரு சின்ன ஆரஞ்சுத் துளியாகத் தெரிந்தது. அந்தத் துளி தகட்டின் விளிம்பை விட்டு விலகுகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒருத்தி புருஷனின் தோளோடு ஒட்டிக்கொண்டு தீப்பொறிக்குக் காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவளுடைய அண்ணன் வாய்விட்டே சிரித்தார்.

"நேத்துக் கல்யாணம் பண்ணின ஜோடி மாதிரி இருக்கீங்கப்பா. என் வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, நான் கிணத்துல விழுந்தாக்கூட சோறு வெந்ததுக்கு அப்புறம்தான் எட்டிப் பார்ப்பா."

அண்ணனுக்கு ஊரில் ரேடியோ என்று பெயர். காலையில் ஒரு சங்கதி அவர் காதில் விழுந்தால் மதியத்துக்குள் டீக்கடை, முடிவெட்டும் கடை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றிலும் ஒலிபரப்பாகிவிடும். கெட்ட மனுஷன் இல்லை. தங்கைக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பார். ஆனால் அவர் வாயில் மட்டும் எதுவும் தங்காது. அதனால்தான் தையல்காரி அவர் சிரிப்பில் கலந்துகொண்டு, தானும் வெட்கப்பட்ட மாதிரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் வேறு. வெல்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதமாக. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்கிறது, ஓரப்பார்வை நிற்கும், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் நடப்பார், சைக்கிளுக்கு ஒதுங்குவார், தட்டில் இருப்பதைச் சாப்பிடுவார். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் அழுக்குக் கை பட்ட கண்ணாடி மாதிரி கலங்கிப் போய்விடும். வெல்டருக்கு அந்த நடுப்பார்வைதானே பிழைப்பு? அவர் வேலை பார்ப்பது பஸ் வொர்க்‌ஷாப்பில். இது அங்கே தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகளுக்கு நர்ஸ் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, படியில் நின்று, இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே முடிவு செய்துகொண்டார்கள். யாருக்கும் தெரியக் கூடாது.

"வொர்க்‌ஷாப்ல எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"அங்க லைட்டு நல்லா இருக்கு. அங்க எனக்குத் தெரியுது," என்றார் அவர். நம்புவது சௌகரியமாக இருந்ததால் அவளும் நம்பினாள்.

அண்ணனிடமிருந்து இந்த வேலை வந்து மாட்டிக்கொண்டது அவருடைய சின்ன டிராக்டரால். எங்கேயோ கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தார். இன்ஜின் மட்டும் நல்ல இன்ஜின். பின்னால் மாட்டுகிற கருவி ஒன்றுகூடக் கிடையாது. கடையில் விற்பதெல்லாம் பெரிய டிராக்டருக்கு அளவெடுத்தவை, இதற்கு மாட்டினால் முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்க்கும். அண்ணன் தோட்டத்தில் முப்பத்திரண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடி ஒரு சாண் உயரத்துக்கு வந்து நின்றது. இந்த உயரத்தில் செடியின் அடியில் இரண்டு பக்கமும் மண்ணை ஏற்றி அணைத்தாக வேண்டும். அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே எட்டிப் பார்க்கும், வெயில் பட்டுப் பச்சையாகும், கசக்கும், மாடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். மண்வெட்டி வேலைக்கு ஆள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நான்கு நாள் அடைமழை என்று சொல்லியிருந்தார்கள். மழை விட்டுச் சேறு காய்வதற்குள் செடி படர்ந்து வரிசைகளின் இடைவெளியை மூடிவிடும், அதற்குப் பிறகு சக்கரம் இறங்க வழியில்லை.

"மாப்ள, நீ இருக்கும்போது நான் எதுக்குக் கடைக்குப் போகணும்?" என்று அண்ணன் சொன்ன மாத்திரத்தில் வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவரை யாரும் அப்படிக் கேட்டு நாளாகியிருந்தது. அவள் கண்ணைக் காட்டிப் பார்த்தாள், ஜாடை செய்தாள். ஜாடை தெரிகிற கண்ணா அது? "ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேன் மச்சான்," என்று ஒத்துக்கொண்டுவிட்டார்.

சாமானெல்லாம் காயலான் கடையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் வந்தன. குறுக்குச் சட்டத்துக்குப் பழைய பஸ் கூட்டிலிருந்து கழித்த சதுரக் குழாய். கால்களுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை இரண்டு. மண்ணை அள்ளித் தள்ளுவதற்குத் தேய்ந்துபோன சட்டிக் கலப்பையிலிருந்து இரண்டு சட்டிகள். குழிந்த வட்டமான இரும்புதான், ஆனால் தேய்ந்ததாலேயே விளிம்பு கத்தியாக இருந்தது. சட்டி சுற்றுவதற்கு ஏதோ ஒரு காரின் சக்கர ஹப். சட்டத்திலிருந்து இரண்டு கால் கீழே இறங்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு சட்டி, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நிற்கும். டிராக்டர் இழுத்துக்கொண்டு போனால் செடி வரிசை நடுவில் நிற்கும், இரண்டு சட்டியும் இரண்டு பக்கத்து மண்ணையும் செடியின் காலடிக்குத் தள்ளும்.

அளவெல்லாம் அவளுடைய தையல் டேப்பால்தான். டயருக்கும் டயருக்கும் எவ்வளவு, வரிசைக்கும் வரிசைக்கும் எவ்வளவு, சட்டி எவ்வளவு சாய வேண்டும், எல்லாவற்றையும் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் இரும்பில் கோடு போட்டாள். துணி என்றால் தப்பாக வெட்டியதைப் பாவாடையாக்கலாம். இரும்பை என்ன செய்வது என்று பயந்து பயந்து வெட்டவைத்தாள். முதலில் ஒவ்வொரு மூட்டிலும் நான்கு இடத்தில் புள்ளி வைப்பார். புள்ளி என்றால் ஒரு மிளகளவு வெல்டு, துணியில் ஊசியால் குத்தி நிறுத்துகிற மாதிரி. பிறகுதான் முழு ஓட்டம், மூட்டு நெடுக ஒரே தையலாக. அவள் பக்கத்தில் இல்லாமல் முழு ஓட்டம் கூடாது, அவள் பார்க்காமல் பெயின்ட் கூடாது. இதுதான் இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. வலது காலைச் சட்டத்தோடு சேர்க்கிற தகடு. புள்ளி நான்கும் வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் பள்ளிக்கூட டீச்சர் வந்து நின்றார், தைக்கக் கொடுத்த சட்டையின் கை இறுக்குகிறதாம். வேறு யாராவது என்றால் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருப்பாள். டீச்சர் அனுப்பினால் போகிற ஆள் இல்லை.

"அஞ்சு நிமிஷங்க. தொடாதீங்க," என்று புருஷனின் காதோரம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டீச்சரின் முழங்கையைச் சுற்றி டேப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கொல்லையில் வெல்டிங் சத்தம் கேட்டது. சூடான எண்ணெயில் ஈரக்கை பட்ட சத்தம். சீராக, தடங்கலில்லாமல், நீளமாக. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் பேசிக்கொண்டே போனார். பத்து நிமிஷம் கழித்து ஓடிவந்து பார்த்தால் அண்ணன் கையில் பிரஷ். வலது கால், தகடு, சட்டம் எல்லாம் சிவப்பு பெயின்டில் மினுமினுத்தது.

"என்னண்ணே இது!"

"பின்ன என்னம்மா? உன் புருஷன் ராடைக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பொண்டாட்டி வந்தாத்தான் கை ஓடுமா மாப்ளன்னேன். அவ்வளவுதான், ரோஷம் வந்துடுச்சு. ஒரே மூச்சுல போட்டாரு பாரு! மேகத்தைப் பாத்தியா நீ? நான் மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ராடு மாட்டுகிற ஹோல்டரின் ஒயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்துப் போட்டீங்களா?"

"சத்தம் சுத்தமா இருந்துச்சு," என்றார். "ஒரு இடத்துலகூடத் திக்கல."

அது உண்மைதான். சத்தத்தை அவளும் கேட்டாள். தகட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். ஈரப் பெயின்ட் கெட்டியாக அப்பியிருந்தது, அண்ணன் பூசுகிற பூச்சில் சுவர்கூட மறைந்துபோகும். சுரண்டிப் பார்த்தால் ஏன் சுரண்டுகிறாய் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? அவள் நிமிர்ந்துவிட்டாள். அந்த நிமிர்வை நினைத்து நினைத்து அவள் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தோட்டத்தில் அண்ணி காத்திருந்தாள். அண்ணன் பேசுகிற பேச்சுக்கெல்லாம் ஈடாக வேலை செய்கிறவள் அவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழை வந்தால் வரட்டும் என்று மண்வெட்டியோடு நின்றாள். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோயிருந்தது.

கருவியை டிராக்டரின் பின்கைகளில் மாட்டி முதல் வரிசையில் இறக்கினார்கள். நாற்பது அடி போனதும் அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். சட்டிகள் மண்ணைக் கீறியிருந்தன, அவ்வளவுதான். கோழி கிளறினால்கூட இதைவிட ஆழமாகக் கிளறும்.

"வெயிட்டு பத்தல மச்சான்," என்றார் வெல்டர் வரப்பிலிருந்து. "கல்லு கட்டலாம், இல்ல சாக்குல மண்ணு ரொப்பி..."

"சாக்குக்கு எங்க போறது? மணி ஒண்ணரை!"

"எதுக்குச் சாக்கு?" என்றாள் அண்ணி. "பரம்புப் பலகை மேல நின்னு நின்னு பழகின காலு இது." சொன்னவள் மண்வெட்டியை எறிந்துவிட்டு, பாரம் வைப்பதற்காகச் சட்டத்தின் மேல் கட்டியிருந்த பலகையில் ஏறி, முன்னால் இருந்த இரும்புக் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உழுத நிலத்தைச் சமன் செய்யும்போது பலகை மேல் ஆள் ஏறி நிற்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. யாரும் அதைப் பற்றி இரண்டு முறை யோசிக்கவில்லை.

டிராக்டர் நகர்ந்தது. இந்த முறை சட்டிகள் இறங்கின. இரண்டு பக்கமும் கறுத்த மண் புரண்டு, சரிந்து, செடிகளின் இடுப்பில் போய் ஏறியது. வரிசை முழுக்க ஒரே உயரம், ஒரே சரிவு. தையல்காரி இத்தனை வருஷமாக மடித்துத் தைத்த எந்த மடிப்பும் அவ்வளவு நேராக வந்ததில்லை. அண்ணன் டிராக்டரிலிருந்தே கத்தினார், "மாப்ள! நாளைக்கே நாலு பேருக்குச் சொல்றேன், உனக்கு ஆர்டர் குவியப் போவுது!"

வெல்டர் வரப்பில் நின்று சிரித்தார். எத்தனையோ நாள் கழித்து அப்படிச் சிரித்தார். ஆனால் முகம் டிராக்டரைப் பார்க்கவில்லை, பத்தடி தள்ளி வெறும் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித் தள்ளிப் பார்த்தால்தான் அவருக்கு டிராக்டர் தெரியும். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஒன்பது வரிசை முடிந்தது. அவள் மறுமுனையில் குச்சியோடு நின்று, மண்ணுக்கடியில் மாட்டிய இலைகளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் திரும்புவதற்காகக் கருவியைத் தூக்கினார். அது அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஆட்டத்திலும் மண் உரசியதிலும் இன்னும் காயாத பெயின்ட் உரிந்து போயிருந்தது. வலது காலின் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தலைமுடி அளவு வெளிச்சம் தெரிந்தது.

அவள் இன்னும் கிட்டே போனாள். வெல்டு இருந்தது. அருமையான வெல்டு. ஒரே அகலம், ஒரே அலை, எங்கேயும் ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் அது தகடும் சட்டமும் சேருகிற இடத்தில் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, வெறும் சட்டத்தின் மேல், எதையும் எதோடும் சேர்க்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடியிருந்தது. துணிக்கு வெளியே போட்ட தையல். காலைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த நான்கு புள்ளிகள்தான். அதிலும் ஒன்று ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

மேலே பலகையில், அந்தக் காலுக்கு நேர் மேலே, அண்ணியின் வெறும் பாதம் இருந்தது. கருவியின் அந்தக் கால் மடங்கினால் பலகை சரியும். சரிந்தால் அண்ணி விழுகிற இடம் சட்டியின் விளிம்பு.

"அண்ணே, நிறுத்துங்க! ஒரு போல்ட்டு லூசா இருக்கு!"

"ஒரு போல்ட்டுதானே? முடிச்சுட்டு முறுக்கலாம்!"

"இல்லண்ணே, இப்பவே..."

"ஏம்மா, மேகத்தைப் பாரும்மா!"

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. சொன்னால் அண்ணன் இறங்கி வந்து பார்ப்பார், ஒரு பார்வையில் புரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் புரிந்துவிடும். வரப்பில் அந்த மனுஷன் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றார். தையல்காரியின் வாய் திறந்தது. வந்தது வேறு.

"அண்ணி, நீங்க இறங்குங்க. ரொம்ப நேரமா நிக்கிறீங்க. நான் ஏறுறேன்."

"உனக்கு என்னடி பழக்கம் இதுல?"

"இறங்குங்கன்னா இறங்குங்க!"

குரலில் இருந்ததைக் கேட்டு அண்ணி இறங்கினாள். தையல்காரி ஏறினாள். தன் உடம்பை முழுக்க இடது பக்கமாகத் தள்ளி, கருவியின் இடது காலுக்கு நேர் மேலேயே நின்றாள். விழுந்தால் தான் மட்டும் விழலாம், வேறு யாரும் இல்லை. இதைப் பெரிய தீர்வாக நினைத்துக்கொண்டாள், பாவம். டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

பாதி வரிசை போவதற்குள் அண்ணன் கத்தினார். "ஒரு பக்கம் தோண்டுது, ஒரு பக்கம் தடவுது! நடுவுல நில்லும்மா!"

அவள் அரை அடி நகர்ந்தாள். உள்ளங்காலில் எல்லாம் தெரிந்தது. இரும்பு நடுங்குவது, சட்டி கட்டியில் ஏறி இறங்குவது, வலது கால் ஒரு கணம் தாமதமாகப் பின்தொடர்வது. பத்தாவது வரிசை. பதினொன்று. கைகள் கொம்பைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போயின. பன்னிரண்டாவது வரிசையின் நடுவில் டக் என்று ஒரு அதிர்வு பாதத்தில் ஏறியது. இரண்டாவது புள்ளி. இனி இரண்டு.

அந்த டக்கோடு அவள் மனதில் ஒன்று ஏறியது. அங்க லைட்டு நல்லா இருக்கு. எந்த லைட்? பட்டப்பகலில், திறந்த கொல்லையில், சூரியனுக்குக் கீழே கோட்டைப் பார்க்க முடியாத கண்ணுக்கு எந்த வொர்க்‌ஷாப் லைட் உதவும்? பஸ்ஸில் அவர் பற்றவைப்பது படிக்கட்டு, சீட்டின் கால், மேல் கம்பி. அந்தப் படியில் காலையும் மாலையும் பத்துப் பேர் தொங்குவார்கள். அவளுடைய மகள் தொங்குவாள். அங்கேயும் பெயின்ட் அடிக்க ஓர் ஆள் இருப்பான், அவனும் அவசரக்காரனாக இருப்பான். டாக்டரின் படியில் நின்று எடுத்த முடிவு தங்கள் மூன்று பேரைப் பற்றியது என்று அல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்?

பதின்மூன்றாவது வரிசையின் தலைப்பில் அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். "இங்கேருந்து பள்ளம், களிமண்ணு. ஒரு ஆளு பத்தாது. நீயும் ஏறிக்கோடி!" என்று பெண்டாட்டியிடம் சொன்னார்.

"வேண்டாம்!" என்று தையல்காரி கத்துவதற்குள் அண்ணி ஓடும் பலகையில் தொற்றி ஏறிவிட்டாள். ஏறி, வலது பக்கம் நின்றாள். இன்ஜின் சத்தம் ஏறியது.

"அண்ணே! நிறுத்துங்க! அண்ணே!"

களிமண்ணில் டிராக்டர் முக்கியது. யாருக்கு எது கேட்கும்? மூன்றாவது புள்ளி போனது. பலகை அண்ணியின் பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே, "என்னடி இது, ஊஞ்சல் மாதிரி..." என்றாள்.

தையல்காரி யோசிக்கவில்லை. அண்ணியின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, பின்பக்கமாகத் தன்னை அப்படியே சாய்த்துவிட்டாள். இரண்டு பேரும் செடிகளின் மேல், அப்போதுதான் ஏற்றிய மண்ணின் மேல், மல்லாக்க விழுந்தார்கள். அவளுக்கு மூச்சு நின்றது. அதே நேரம் முன்னால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலது கால் பிய்த்துக்கொண்டு மடங்கியது. பலகை சரிந்து மண்ணில் குத்தியது. சட்டி புரண்டு எழுந்து, அந்தப் பலகையை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஆறு செடியை வேரோடு வாரிப் போட்டுவிட்டு நின்றது.

அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தார். பெண்டாட்டியின் காலைத் தொட்டுப் பார்த்தார், தங்கையின் தலையைத் தொட்டுப் பார்த்தார், ஒரு காயமும் இல்லை என்று தெரிந்தும் மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்புறம் போய்க் கருவியின் முன் குந்தினார். பிளந்த பலகையைப் பார்த்தார். பெயின்ட் உரிந்த தகட்டைப் பார்த்தார். அந்த அழகான வெல்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ரேடியோ என்று பெயரெடுத்த மனுஷன் வாயில் ஒரு சத்தமும் இல்லை.

வெல்டர் வரப்பிலிருந்து ஓடிவந்தார். புதுசாக ஏற்றிய மண்ணில் இரண்டு தடவை தடுக்கி விழுந்து எழுந்து, "யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லங்க," என்றாள் அவள்.

அவர் கருவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கையால் தடவினார். விரல் வெல்டின் மேல் போய், கடைசி வரைக்கும் ஓடி, திரும்பி வந்தது. பிறகு ஒரு விரற்கடை நகர்ந்து தகட்டின் மொட்டை விளிம்பில் பட்டது. அங்கேயே நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "கல்லு மாப்ள," என்றார். "பெரிய கல்லா ஒண்ணு மாட்டியிருக்கும். எந்த வெல்டு தாங்கும் அதை? உன் மேல தப்பு இல்ல."

அந்தத் தோட்டத்தில் கல் கிடையாது. களைக்கொத்து படாத இடம் இல்லாமல் கொத்திப் பொறுக்கிய மண். அண்ணன் புரிந்துகொண்டுதான் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த மனுஷன் ஒன்றைத் தன் வாய்க்குள்ளே வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார், தங்கைக்காக. அவளுக்கு அவரைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போல இருந்தது.

"கல்லு..." என்றார் வெல்டர். "ஆமா மச்சான். கல்லாத்தான் இருக்கும்." அவர் தோள்கள் இறங்கின, முகம் தளர்ந்தது. தப்பித்தவனின் முகம். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு மீதியிருந்த தயக்கமும் போனது.

"கல்லு இல்லண்ணே," என்றாள். "அவருக்குக் கண்ணு தெரியல. ஆறு மாசமா. நான்தான் பக்கத்துல உக்காந்து வலது, இடதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இந்த ஒண்ணுக்கு நான் இல்ல. தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல, அண்ணியைக் கொல்லப் பாத்தேன்."

"ஏய்!" என்றார் வெல்டர். அடித்தொண்டையிலிருந்து வந்தது. "என்ன பேசுற நீ? மூடு வாயை!"

அவள் அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். அவர் பார்வை அவள் காதுப் பக்கமாகத் திரும்பியது. அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு இப்போது அதுதான் வழி.

"இங்க நான் இருந்தேங்க. வொர்க்‌ஷாப்ல வலது, இடதுன்னு யாரு சொன்னாங்க?"

அண்ணி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, புருஷனின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க பத்தவச்ச வண்டியெல்லாம் இப்பவும் ஓடிக்கிட்டுதானே இருக்கும்? ஜனங்க ஏறி இறங்கிக்கிட்டுதானே இருப்பாங்க?" தையல்காரி அவர் கையைப் பிடித்தாள். இரும்புத் தூளும் ஈரமண்ணும் ஒட்டிய கை, குளிர்ந்திருந்தது. "எத்தனை பஸ்ஸுங்க?"

"பதினேழு," என்றார்.

அவர் யோசிக்கவில்லை, விரல் மடக்கவில்லை. கேள்வி முடிந்த அதே மூச்சில் சொன்னார். தினமும் எண்ணிக்கொண்டிருந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆறு மாதமாக இந்த மனுஷன் தன் பக்கத்தில் படுத்து எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள். அண்ணி கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பதின்மூன்றாவது வரிசைக்குப் போனாள்.

"அண்ணே, போனைக் குடுங்க," என்றாள் தையல்காரி. "வொர்க்‌ஷாப்ல ஞாயித்துக்கிழமையும் ஆள் இருப்பாங்க." புருஷனின் பக்கம் திரும்பினாள். "நீங்க முதல் வண்டி நம்பரைச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாக, எந்தப் படி, எந்த சீட், எந்தத் தேதி என்பது உட்பட, ஒன்றுகூட விடாமல் சொல்ல ஆரம்பித்தார்.